சார்லி வாட்ஸ் அடிக்காமல் விட்ட அடி

முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல், டிரம்ஸ் பழகுகிற ரப்பர் பிராக்டிஸ் பேடுக்கு அடியில் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டு (கீழ்வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு, எனக்கு அவர் மேல் பயம்) தட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வலது கைக்கு என்னங்க ஆச்சு? நடுநடுவுல வெடுக்கு வெடுக்குன்னு தூக்குது, சுளுக்கா?" என்று கேட்டாள்.

சுளுக்கு இல்லை. சார்லி வாட்ஸ்.

இரண்டு மாதமாக இதே பிழைப்புதான். இங்கிலாந்து ராக் பேண்டான ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸின் வலது கை என்ன செய்கிறது என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, பேடில் அதைச் செய்து பார்ப்பது, வராமல் போவது, மறுபடி வீடியோ. இருபது வருடத்துக்கு மேலாக டிரம்ஸ் வாசிக்கிற ஒருத்தனுக்கு, ஒரு அடியைக் கூடுதலாகப் போடுவதில் அல்ல, ஒரு அடியை *விடுவதில்* இவ்வளவு கஷ்டம் இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

டிரம்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண ராக் பீட்டில் வலது கை ஹை-ஹாட்டில் இருக்கும். ஹை-ஹாட் என்பது நம்ம ஜால்ராவையே பெரிதாக்கி, படுக்கவைத்து, ஒரு கம்பியில் கோத்து, இடது காலால் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சாமான். ஒரு சுற்றுக்கு நாலு எண்ணிக்கை, வலது கை அதில் எண்ணிக்கைக்கு இரண்டாக எட்டுத் தட்டு தட்டும், டிக்-டிக்-டிக்-டிக் என்று. வலது கால் பேஸ் டிரம்மை (தரையில் படுத்திருக்கிற பெரிய டிரம்) ஒன்றிலும் மூன்றிலும் உதைக்கும், இடது கை ஸ்நேரை (மடிக்கு முன்னால் இருக்கிற, 'டப்' என்று சொடுக்குகிற டிரம்) இரண்டிலும் நான்கிலும் அடிக்கும். அப்படியென்றால் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழுகிறது, ஹை-ஹாட்டும் ஸ்நேரும் சேர்ந்து. உலகத்தில் எந்த ஊரில் யாரிடம் டிரம்ஸ் கற்றாலும் முதல் வாரம் இதுதான். எனக்குப் பாளையங்கோட்டையில் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். "ஏலே, வலது கை ரயிலு மாதிரி. எது வந்தாலும் நிக்கப்படாது, என்ன?" என்பார். நின்றால் பின்மண்டையில் ஸ்டிக்கால் ஒரு தட்டு விழும், அதுவும் சரியாக டெம்போவில் விழும்.

சார்லியின் ரயில் நின்றது. இரண்டும் நான்கும் வரும்போது அவருடைய வலது கை ஹை-ஹாட்டை விட்டு மேலே எழும்பிவிடும். ஸ்நேர் மட்டும் தனியாக விழும். அது விழுந்த பிறகு கை திரும்ப வந்து உட்காரும். எட்டுத் தட்டில் ஆறுதான் அடிக்கிறார், இரண்டை விட்டுவிடுகிறார். அறுபதுகளின் பழைய டிவி நிகழ்ச்சிகளில் இதைத் தேடவேண்டாம், எழுபதுகளுக்குப் பிந்தைய மேடை வீடியோ எதையாவது போட்டு, பக்கவாட்டில் எடுத்த ஒரு ஷாட் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள், கொக்கு ஒரு காலைத் தூக்குகிற மாதிரி அந்தக் கை தூக்குவது பளிச்சென்று தெரியும். அவர் முகத்தில் மட்டும் எதுவும் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி? நான் என் கையிலேயே செய்து பார்த்ததில் மூன்று விஷயம் புரிந்தது. முதலாவது ரொம்பச் சாதாரணம், இடம். வலது கை இடது கைக்கு மேலே குறுக்காகப் போய்த்தான் ஹை-ஹாட்டைத் தொடுகிறது, அதனால் இடது கையை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த முடியாது, இடிக்கும். வலது கை விலகிக்கொண்டால் இடது கைக்கு வானம் திறந்த மாதிரி. நன்றாக ஓங்கலாம். அடுத்தது சத்தம். ஹை-ஹாட்டின் 'டிஸ்' ஸ்நேரின் தலையில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும், ஸ்நேரின் சொந்தக் குரலில் பாதியை அது மூடிவிடும். ஹை-ஹாட் இல்லாமல் ஸ்நேர் மட்டும் விழுந்தால், அதே வேகத்தில் அடித்தாலும் கூடுதல் சத்தமாகத் தோன்றுகிறது. ரெக்கார்டிங் செய்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஸ்நேர் மைக்குக்குள் ஹை-ஹாட் வழிந்து வருவதுதான் பெரிய தலைவலியே, இங்கே அந்த வழிசலுக்கு வாய்ப்பே கிடையாது.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடாதது. கையைத் தூக்கும்போது ஒரு மூச்சு விழுகிறது. அந்த மூச்சில் ஸ்நேர் ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. பிந்தி என்றால் தப்பாக இல்லை, கதவைத் திறந்து ஒரு நொடி நின்று அப்புறம் உள்ளே வருகிறவர் மாதிரி. ஸ்டோன்ஸ் பாட்டைக் கேட்கும்போது இடுப்பு தானாக ஆடுகிறதென்றால் அந்த மயிரிழைதான் காரணம் என்று நினைக்கிறேன். இதை யார் அளந்தார்கள் என்று கேட்டால் நான் அளக்கவில்லை, என் இடுப்பு அளந்தது.

செய்து பார்க்கும்போது என்ன ஆகிறது தெரியுமா? கையைத் தூக்கியதும் கால் குழம்புகிறது. கைதானே நிற்கிறது, கால் ஏன் நிற்கவேண்டும்? ஆனால் நிற்கிறது. இருபது வருடமாக வலது கையின் டிக்-டிக்கைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற மூன்று உறுப்புகளும் நடந்திருக்கின்றன, குருடர்கள் வரிசையாகத் தோளில் கை வைத்துப் போவார்களே அது மாதிரி, முன்னால் போகிறவன் திடீரென்று கையை எடுத்ததும் பின்னால் எல்லாரும் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல் இரண்டு வாரம் இப்படியே போனது. அப்புறம் மெட்ரோனோமை (வேகம் மாறாமல் டிக்-டிக் சொல்கிற கருவி) நிமிடத்துக்கு அறுபதில் வைத்து, வாயால் டிக்-டிக் சொல்லிக்கொண்டு கையை மட்டும் எடுத்தேன். கொஞ்சம் வந்தது. வாயை மூடினால் போனது. நாலு நிமிடப் பாட்டு, நிமிடத்துக்கு 120 பீட் என்று வைத்துக்கொண்டால், அதில் 240 முறை இந்தக் கையைத் தூக்கவேண்டும். ஒரே பாட்டுக்கு. அவர் இரண்டு மணி நேரக் கச்சேரி முழுவதும் செய்தார், அதுவும் எண்பது வயதை நெருங்குகிற வரைக்கும்.

சரி, அவருடைய கிட்டுக்கு, அதாவது டிரம் செட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் என் கிட் கதையைச் சொல்லாவிட்டால் பாவம் தீராது.

2006-இல் முதல் வேலை, முதல் சம்பளம் எல்லாம் கிடைத்த திமிரில் ஒரு செகண்ட் ஹேண்ட் கிட் வாங்கினேன். ஏழு பீஸ், அதாவது ஏழு டிரம், சிம்பல் கணக்கில் வராது. முன்னால் மூன்று டாம் (உயரத்தில் மாட்டுகிற சின்ன டிரம்), பக்கத்தில் இரண்டு ஃப்ளோர் டாம், பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் உதைக்க டபுள் பெடல், ஆறு சிம்பல் (உலோகத் தட்டு). விற்றவர் "இன்டர்நேஷனல் லெவல் கிட் ப்ரோ" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து கோத்துப் பார்த்தால் ஒரு டாமுக்குத் தோலை இறுக்குகிற லக் ஸ்க்ரூ நாலு இல்லை, டபுள் பெடலில் இடது பெடல் உதைத்தால் திரும்பி வர யோசிக்கும். அதுவும் பரவாயில்லை. அந்த மூன்று டாமும் எனக்கு முன்னால் நிற்கிறதே, நிற்கிறதை அடிக்காமல் இருக்க மனசு வருமா? ஒவ்வொரு நாலு சுற்றுக்கும் ஒரு ஃபில், துடுதுடுதுடு என்று உச்சியிலிருந்து பள்ளம் வரை உருட்டிக்கொண்டு வருவேன். எங்கள் பேண்டில் பாடுகிற பையன் ஒருநாள் மைக்கை வைத்துவிட்டு, "மச்சி, நீ முடிச்சதும் சொல்லு, நான் பாடறேன்" என்றான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சார்லியிடம் இருந்தது நாலு பீஸ். கடைசிப் பல வருடங்கள் அவர் வாசித்தது 1957-ஆம் வருடத்து கிரெட்ச் கிட். அப்போது கிரெட்ச் டிரம்கள் நியூயார்க்கின் புரூக்ளினில் செய்யப்பட்டன, அறுபது, எழுபது வருடம் ஆன பின்பும் அந்தக் காலத்துக் கிட் என்றால் ஜாஸ்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். 22 இஞ்ச் பேஸ் டிரம், அதன் மேல் ஒரே ஒரு 12 இஞ்ச் டாம், பக்கத்தில் ஒரு 16 இஞ்ச் ஃப்ளோர் டாம், ஒரு ஸ்நேர். ஹை-ஹாட், சில சிம்பல்கள், அதில் இத்தாலிக்கார யூஃபிப் கம்பெனியின் விளிம்பு மடங்கிய சைனா சிம்பல் ஒன்று. அதை அடித்தால் 'க்ராஷ்' என்று பளபளக்காது, தகரத்தைக் கிழித்த மாதிரி கரகரவென்று வந்து சட்டென்று அடங்கும். அவ்வளவுதான் மொத்தச் சாமான். அறுபதுகளில் லுட்விக் கிட் வாசித்தார், அதுவும் இதே நாலு பீஸ் கணக்குதான்.

இதை ஸ்டேடியத்தில் வைத்துப் பாருங்கள். மேடையின் அகலத்துக்கு அந்த நாலு டிரம் கல்யாண மண்டபத்தில் வைத்த டீ டம்ளர் மாதிரி இருக்கும். அவர் காலத்துப் பெரிய ராக் பேண்டுகளில் டிரம்மர்கள் இரண்டு பேஸ் டிரம், பத்து டாம், பின்னால் ஒரு காங் என்று கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, கோட்டைக்குள் உட்கார்ந்து நன்றாக வாசித்தவர்கள் உண்டு. ஆனால் சார்லி கோட்டை கட்டவே இல்லை. டிரம் சோலோ என்ற வஸ்துவையும் அவர் பக்கம் அண்டவிடவில்லை. ராக் கச்சேரியில் டிரம் சோலோ வருகிற நேரம்தான் ஜனங்கள் பாத்ரூம் போகிற நேரம் என்பது நான் கண்ணால் கண்ட உண்மை, என் சோலோவுக்கே போயிருக்கிறார்கள்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்றால், அவர் மனசளவில் ராக்காரரே இல்லை. 1941 ஜூன் 2-ஆம் தேதி லண்டனில் பிறந்தவர், அப்பா லாரி ஓட்டினார். பையனுக்குப் பதிமூன்று, பதினாலு வயதில் கையில் இருந்தது ஒரு பாஞ்சோ. அந்த வயதில் சிகோ ஹாமில்டன் என்ற ஜாஸ் டிரம்மர் பிரஷ்ஷால் வாசித்த ஒரு இசைத்தட்டைக் கேட்டிருக்கிறார். பிரஷ் என்றால் கம்பி விளக்குமாறு மாதிரி, அடிப்பதற்குப் பதில் தோலின் மேல் தேய்த்துக் கலக்குவார்கள், அரிசி புடைக்கிற சத்தம் வரும். அதைக் கேட்டதும் பையன் பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு, மிஞ்சிய வட்டத்தை ஸ்நேராக்கி, பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம்தான் வீட்டில் ஒரு கிட் வாங்கிக்கொடுத்தார்கள். பின்னாளில் டிராயிங் படித்து விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார், அலெக்சிஸ் கார்னரின் ப்ளூஸ் பேண்டில் வாசித்தார், 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். 2021 ஆகஸ்ட் 24-ஆம் தேதி சாகும் வரை அங்கேயேதான் இருந்தார். நடுவில் எப்போது ஓய்வு கிடைத்தாலும் ஜாஸ் பேண்டு அமைத்துக்கொண்டு போய்விடுவார். ஊர் ஊராகச் சுற்றுகிறபோது தான் தூங்கிய ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் நோட்டில் வரைந்து வைக்கிற பழக்கமும் 1967-லிருந்து உண்டு. ராக் ஸ்டார் ஹோட்டல் அறையை உடைப்பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இவர் அதைப் படம் வரைந்தார்.

அந்த ஜாஸ் மனசு அவர் ஸ்டிக் பிடித்த விதத்திலேயே தெரியும். இடது கையில் டிரெடிஷனல் கிரிப். உள்ளங்கை பாதி மேல்நோக்கி இருக்க, ஸ்டிக் கட்டைவிரல் இடுக்கில் ஆரம்பித்து மோதிரவிரல் மேல் படுத்துக்கொள்ளும், எழுதுகோல் பிடித்த மாதிரியும் இருக்கும், சாப்ஸ்டிக் பிடித்த மாதிரியும் இருக்கும். ராணுவ அணிவகுப்பில் டிரம்மைத் தோளில் மாட்டினால் அது இடுப்பில் சாய்ந்து தொங்கும், சாய்ந்த தோலை அடிக்க இடது கை இப்படித் திரும்பித்தான் ஆகவேண்டும். அந்த வழக்கம் கிட் வந்த பிறகும் ஜாஸ்காரர்களிடம் தங்கிவிட்டது. ராக்கில் பெரும்பாலும் இரண்டு கையிலும் சுத்தியல் பிடிக்கிற மாதிரி ஒரே பிடிதான், பலம் அதில்தான் சுலபமாக வரும். சார்லி மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பிடியில் முழங்கையின் பலம் வராது, மணிக்கட்டைக் கதவுக் குமிழ் திருப்புகிற மாதிரி சுழற்றித்தான் அடிக்கவேண்டும். இப்போது மேலே சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பலம் குறைந்த பிடியை வைத்துக்கொண்டு ஸ்டேடியத்துக்குக் கேட்கிற ஸ்நேர் வேண்டும், அப்படியானால் அந்த ஸ்நேர் விழுகிற நேரத்தில் மற்ற எல்லாம் வாயை மூடவேண்டும். அவர் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சாமான் கதை. 1968-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதில் ஆரம்பத்தில் வருகிற அந்த இடி மாதிரியான டிரம், டிரம் கிட்டே இல்லை. பொம்மை. பழம்பொருள் கடையில் சார்லி வாங்கிய, 1930-களின் குட்டி டிரம் செட், சின்னப் பெட்டிக்குள் மடக்கி வைக்கிற மாதிரி, கஞ்சிராவில் சலங்கையைப் பிடுங்கிவிட்டால் எப்படி இருக்கும், அந்த அளவு டிரம்கள், கம்பி ஸ்டாண்டில் செருகுவது. ஸ்டோன்ஸின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் வைத்துக்கொண்டார், சார்லி தரையில் இந்தப் பொம்மையை விரித்துக்கொண்டார், நடுவில் ஒரு பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டர். கேசட் ரெக்கார்டரின் சின்ன மைக் அந்தச் சத்தத்தைத் தாங்காமல் திணறி, நசுங்கி, அந்த நசுங்கல்தான் அவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்கிறது. பிறகு ஸ்டுடியோவில் அந்தக் கேசட்டின் மேல் மற்றதையெல்லாம் ஏற்றினார்கள்.

இதைப் படித்த அன்று என் ஏழு பீஸ் கிட்டை நினைத்து வெட்கமாக இருந்தது. லோடு ஆட்டோவில் இரண்டு தடவை ஏற்றி இறக்கிய சாமான் அது. என்னுடைய எந்த ரெக்கார்டிங்கிலும் அந்தப் பொம்மையின் கால்வாசி கனம் இல்லை.

அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் 'மனித மெட்ரோனோம்' மாதிரி எதையாவது எழுதிவிடுகிறார்கள், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1969-இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டை மெட்ரோனோம் வைத்துப் பார்த்தால் பாட்டு முடியும்போது ஆரம்பித்ததைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் வருகிற கவ்பெல்லை (குச்சியால் தட்டுகிற மாட்டுமணி) வாசித்தவர் அவர்களுடைய புரொட்யூசர் ஜிம்மி மில்லர். கவ்பெல்லும் அதற்குள் நுழைகிற சார்லியின் டிரம்மும் ஒன்றுக்கொன்று முழுசாக ஒட்டாது, இருவரில் ஒருத்தர் தப்பு, அல்லது இருவருமே தப்பு. ஆனால் அந்த நுழைவை உலகத்தில் பாதி டிரம்மர்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பியடித்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு அதே பாட்டை ரெக்கார்ட் செய்தால் யாராவது ஒரு தம்பி கம்ப்யூட்டரில் கோடு போட்டு இரண்டையும் நேராக இழுத்து வைத்துவிடுவான், பாட்டு அங்கேயே செத்துவிடும்.

அப்புறம் அந்த பேண்டின் உள் கணக்கே வேறு. பொதுவாக எல்லாரும் டிரம்மரைப் பார்த்து வாசிப்பார்கள், டிரம்மர்தான் தண்டவாளம். ஸ்டோன்ஸில் கீத்தின் கிட்டார்தான் முன்னால் போகும், சார்லி அதைக் காதில் வைத்துக்கொண்டு பின்னால் போவார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அதனால்தான் அவர்கள் வாசிப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்த மாதிரி ஒரு ஆட்டம் இருக்கிறது, விழுந்துவிடும் போலவே இருக்கும், விழாது. டிரம்மர் தன் டெம்போவே பெரிது என்று நின்றிருந்தால் இது நடக்காது. அதே 1969-இல் வந்த 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாட்டுக்கு சார்லிக்கு அந்த நடை பிடிபடவில்லை, ஜிம்மி மில்லர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார், கடைசியில் ரெக்கார்டில் இருப்பது மில்லரின் வாசிப்புதான். பிறகு மேடைகளில் சார்லி அந்த நடையைப் படித்துக்கொண்டு வாசித்தார். என் கிட்டில் புரொட்யூசர் உட்கார்ந்து, ரெக்கார்டில் அதுவே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால், நான் ஸ்டிக்கை எறிந்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், சார்லி சர்வலகு ஆள். மிருதங்கத்தில் கணக்கு, கோர்வை என்று அடுக்கி அசத்துகிறவர்கள் ஒரு வகை, பாட்டுக்கு அடியில் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே பாடுகிறவரைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டும் தெரிந்தவர்களுக்குத்தான் இரண்டாவதின் அருமை தெரியும் என்பார்கள். சங்கீதம் தெரிந்த என் பெரியப்பாவுக்கு ஒருநாள் சார்லியின் வாசிப்பைப் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இவர் பாட்டைக் கேக்கறார்டா" என்றார். அடுத்து என் ரெக்கார்டிங்கைப் போட்டேன், காபி கேட்டார்.

ஒரு இடைச்செருகல். நாம் மிருதங்கத்தை 'வாசிக்கிறார்' என்கிறோம், பறையை 'அடிக்கிறார்' என்கிறோம், டிரம்ஸுக்கு இரண்டையும் ஆளுக்குத் தக்கபடி போடுகிறோம். இந்த வினைச்சொற்களுக்குள் இருக்கிற அரசியலைத் தனியாக எழுதவேண்டும், இங்கே வேண்டாம்.

2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தார்கள். நான் அப்போது சென்னையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த இரண்டு பேர் கிளம்பினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். "அந்தத் தாத்தா என்னடா வாசிச்சிரப் போறாரு, நாலே நாலு டிரம்மை வச்சுக்கிட்டு" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் பெங்களூர். அந்த வயதில் எனக்கு ஹெவி மெட்டல் மட்டும்தான் சங்கீதம், டபுள் பெடலில் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதுதான் ஞானம். போய்வந்தவர்களில் ஒருத்தன் திரும்பி வந்து சொன்ன ஒரே விஷயம்: "மச்சி, அந்தாளு வேர்க்கவே இல்லடா."

போன சனிக்கிழமை ஜாம் ரூமுக்குப் போனோம். பழைய பேண்ட் ஆட்கள்தான், இப்போது எல்லாருக்கும் நரையும் இ.எம்.ஐ.யும் வந்துவிட்டது, மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து வாசிப்போம். அங்கே இருந்தது ஐந்து பீஸ் கிட். நான் முதல் காரியமாக ஒரு டாமையும் ஒரு க்ராஷ் சிம்பலையும் கழற்றி மூலையில் வைத்தேன். ஜாம் ரூம் பையன் ஓடி வந்து, "அண்ணா, ஏதாவது ரிப்பேரா?" என்றான். "இல்லப்பா, நான்தான் ரிப்பேர்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, டாமைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

முதல் பாட்டில் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். எட்டுச் சுற்று தாங்கியது. ஒன்பதாவதில் கால் தடுமாறி, பேஸ் டிரம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தது, சமாளிக்கிறேன் என்று பழைய பழக்கத்தில் ஒரு ஃபில் உருட்டினேன், கழற்றி வைத்த டாம் இருந்த இடத்தில் ஸ்டிக் காற்றை அடித்துவிட்டு என் முட்டியில் வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது பாட்டில் டெம்போவைக் குறைக்கச் சொன்னேன். கிட்டாரைப் பார்த்தேன், ஹை-ஹாட்டைப் பார்க்கவில்லை. எண்ணவும் இல்லை. ஒரு கட்டத்தில் கை தூக்குகிறதா இல்லையா என்றே மறந்துபோனேன், பாடுகிறவன் வரி எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், இருபது வருடமாக என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன், தலையைச் சாய்த்துக்கொண்டு, "இன்னைக்கு ஸ்நேர் மாத்திட்டியா? புதுசா?" என்று கேட்டான்.

"இல்லடா, ஜாம் ரூம் ஸ்நேர்தான்."

"அப்படியா," என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அதையே இன்னொரு தரம் வாசி" என்றான்.